16.7 மில்லி வினாடியும் 5 ஆண்டு உதவித்தொகையும்

ஓர் ஆய்வு மாணவர் ஐந்தாண்டு உழைப்பின் முடிவில் ஒரே ஓர் எண்ணையும் அதன் பிழை வரம்பையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழித் தேர்வுக்கு வந்து நின்றால், அவருக்கு முனைவர் பட்டம் வழங்கலாமா? இந்தியாவின் இயற்பியல் துறைகளில் இக்கேள்வியைக் கேட்டால் பெரும்பாலானோர் "வழங்கலாம்" என்றே சொல்வர். நடைமுறையில் அத்தகைய ஆய்வேட்டைத் தொடங்கவே எந்த நெறியாளரும் துணிவதில்லை, எந்த மாணவரும் முன்வருவதில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியால் இழக்கப்படுவது என்ன என்பதை, பெரிய விவாதங்களில் அடிபடாத ஒரு துறையை எடுத்துக்கொண்டு பார்ப்பது பயன்தரும். உயர் மின்னேற்ற அயனிகளைப் பொறியில் சிறைப்படுத்தி, அவற்றின் கிளர்வுற்ற நிலைகளின் கதிர்வீச்சு ஆயுட்காலத்தை அளக்கும் பணியே அது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்தபோது, பிரெஞ்சு வானியலர் ழான்சென் குண்டூரில் நிறமாலைமானியோடு காத்திருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அவர்கள் கண்ட மஞ்சள் கோடு பின்னர் ஹீலியத்துக்கு இட்டுச் சென்றது. அடுத்த ஆண்டு, 1869 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் யங், ஹார்க்னஸ் ஆகிய இருவரும் கொரோனாவில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். ஹீலியத்தின் கதை அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டது. பச்சைக் கோட்டின் கதையோ எழுபது ஆண்டுகள் இழுத்தது. பூமியில் இல்லாத 'கொரோனியம்' என்ற தனிமமே அதற்குக் காரணம் என்றுகூட நம்பப்பட்டது. 1939-இல் குரோட்ரியானும் அதையடுத்து எட்லேனும் உண்மையைக் கண்டறிந்தனர். 26 எலக்ட்ரான்களுள் 13-ஐ இழந்த இரும்பு அயனியே அந்த ஒளியை உமிழ்கிறது. இரும்பிலிருந்து 13 எலக்ட்ரான்களைப் பிடுங்கியெறிய வேண்டுமானால் கொரோனாவின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகையை எட்டியிருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஆறாயிரம் பாகையைத் தொடுவதில்லை. இந்த முரண்பாட்டை விளக்க 1940-களில் மேகநாத சாஹாவும் முயன்றார். கொரோனா அயனிகளின் தோற்றத்துக்கு அணுக்கருப் பிளவைக் காரணமாக்கிய அவருடைய கருத்து நிலைக்கவில்லை.

அந்தப் பச்சைக் கோட்டின் அலைநீளம் 530.3 நானோமீட்டர். அதை உமிழும் நிலை, அயனியின் அடித்தள அமைப்புக்குள்ளேயே சுழற்சி–சுற்றுப்பாதை இடைவினையால் பிளவுபட்ட இரு நிலைகளுள் மேலுள்ளது. இரண்டுக்கும் சமச்சீர்த்தன்மை ஒன்றே என்பதால் சாதாரண மின் இருமுனை வழியில் ஒளியை உமிழ்ந்து கீழே இறங்க அதற்கு அனுமதியில்லை. மிக வலுக்குறைந்த காந்த இருமுனை வழி ஒன்றே மிஞ்சுகிறது. எனவே, அனுமதிக்கப்பட்ட நிலைமாற்றங்கள் நானோ வினாடிக்குள் முடிந்துவிடும் இடத்தில் இந்நிலை ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி காத்திருக்கிறது. அணு உலகில் அது ஊழிக்காலம்.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று எல்-1 புள்ளியை அடைந்த ஆதித்யா விண்கலத்தில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கொரோனாமானி இதே பச்சைக் கோட்டைத்தான் பார்க்கிறது. இரும்பின் வேறு இரு அயனிகள் உமிழும் 789.2, 1074.7 நானோமீட்டர் கோடுகளையும் அது பார்க்கிறது. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்பதைத் தமிழ் ஏடுகள் பெருமையோடு எழுதின, எழுதியதில் தவறில்லை. அக்கோடுகளின் செறிவைப் பிளாஸ்மாவின் அடர்த்தியாகவும் வெப்பநிலையாகவும் மாற்றுவதற்குத் தேவையான நிலைமாற்ற வீதங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எந்த ஏடும் கேட்கவில்லை. அவை பெரும்பாலும் கியாண்டி போன்ற பன்னாட்டுத் தரவுத்தளங்களிலிருந்து வருகின்றன. அத்தளங்களிலுள்ள எண்களில் மிகப் பெரும்பகுதி கணக்கிடப்பட்டவை. ஆய்வகத்தில் அளந்து சரிபார்க்கப்பட்டவை சொற்பம்.

இங்கே ஒரு நேர்மையான ஒப்புதல் தேவை. "ஆதித்யாவுக்காக ஆயுட்காலத்தை அளக்க வேண்டும்" என்று நிதி விண்ணப்பத்தில் எழுதினால் அது பாதி உண்மையே ஆகும். நிலைமாற்ற வீதத்தில் ஒரு விழுக்காட்டுப் பிழை இருந்தால் கொரோனாவின் அடர்த்திக் கணிப்பில் அது வெளியே தெரியாது. மோதல் வீதங்களின் பிழை அதைவிடப் பல மடங்கு பெரிது. சூரியனைச் சாக்காகக் காட்டி இத்துறையை வளர்க்க முயல்வோர், சூரிய இயற்பியலாளர் ஒருவர் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கும் நாளில் மாட்டிக்கொள்வர். அளவீட்டுக்கான உண்மையான காரணம் வேறு. அது அடிப்படையானதும்கூட.

அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு முன் அளக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். விரைந்தோடும் அயனிக் கற்றையை மிக மெல்லிய கரித்தகட்டின் ஊடே செலுத்தி, தகட்டைக் கடந்தபின் எவ்வளவு தொலைவில் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பது 1960-களில் தோன்றிய முறை. தொலைவைத் திசைவேகத்தால் வகுத்தால் காலம் கிடைத்துவிடும். தில்லியின் பெல்லட்ரான் முடுக்கியில் இம்முறையால் ஆயுட்காலங்கள் அளக்கப்பட்டுள்ளன. பிக்கோ வினாடி, நானோ வினாடி அளவுகளுக்கு இதைவிடச் சிறந்த முறை அரிது. ஆனால் இரும்பின் பச்சைக் கோட்டுக்கு இது உதவாது. ஒளிவேகத்தில் 5 விழுக்காடு வேகத்தில் செல்லும் அயனி 16.7 மில்லி வினாடியில் 250 கிலோமீட்டர் கடந்துவிடும். கொலாபாவிலுள்ள முடுக்கியிலிருந்து புறப்படும் கற்றை மாட்டுங்காவையும் செம்பூரையும் கண்ணிமைக்கும் முன் தாண்டி, புனேயையும் தாண்டி, சாத்தாராவை நெருங்கும்போதுதான் ஒளியின் செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அவ்வளவு நீளமான வெற்றிடக் குழாயை எந்த நிதிக்குழுவும் தராது.

ஆகவே அயனியை ஓடவிடாமல் ஓரிடத்தில் நிறுத்தி வைத்தாக வேண்டும். 1986-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான எலக்ட்ரான் கற்றை அயனிப் பொறி அதைச் செய்கிறது. சில டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலம், மயிரிழையளவு நெருக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றையைப் பிடித்து வைக்கிறது. அந்தக் கற்றை அணுக்களை மோதி மோதி எலக்ட்ரான்களை உரித்தெடுக்கிறது. அதன் எதிர்மின்னூட்டமே அயனிகளைப் பக்கவாட்டில் சிதறாமல் இழுத்துப் பிடிக்கிறது. இரு முனைகளிலும் உள்ள மின்வாய்கள் வழியை அடைக்கின்றன. பிறகு கற்றையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். காந்தப்புலமும் மின்வாய்களும் அயனிகளைத் தொடர்ந்து தாங்க, புதிய கிளர்ச்சி ஏதுமின்றி ஒளி மட்டும் மெல்ல மெல்ல மங்கும். அந்த மங்கலை ஃபோட்டான் ஃபோட்டானாக எண்ண வேண்டும். அளவீடு என்பது இவ்வளவுதான்.

சொல்வதற்கு எளிது. மாட்டுங்கா நிலையத்தின் நடைமேடையில் மெதுவண்டிக்குக் காத்திருப்போர் எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்பதை, மேடையில் எஞ்சியுள்ள தலைகளை எண்ணிக் கணிப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி வந்து ஏறிச் சென்றவர்களால் மட்டும் கூட்டம் குறைந்தால் கணக்கு சரி. அலுத்துப்போய்ப் பேருந்துக்குச் சென்றவர்களும் அவர்களோடு சேர்ந்து குறைந்தால், கிடைக்கும் காத்திருப்பு நேரம் உண்மையைவிடக் குறுகிவிடும். பொறியில் அவ்வாறு நழுவுவது மின்னூட்டப் பரிமாற்றத்தால் நிகழ்கிறது. வெற்றிடத்தில் எஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும் அயனி, அக்கணமே வேறு அயனியாகிவிடுகிறது. அதன் பச்சை ஒளி இனி வராது.

இதை மாணவர்கள் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். லாஞ்செவன் சூத்திரப்படி 13 மடங்கு மின்னேற்றமுள்ள அயனி ஹைட்ரஜனோடு வினைபுரியும் வீதக் கெழு ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2×10⁻⁸ கன சென்டிமீட்டர். வெற்றிடம் 10⁻⁹ மில்லிபார் என்றால் ஒரு கன சென்டிமீட்டரில் இரண்டரைக் கோடி மூலக்கூறுகள் இருக்கும். அயனி சராசரியாக 2 வினாடியில் தொலைந்துவிடும். 16.7 மில்லி வினாடி அளவீட்டில் அது 0.8 விழுக்காட்டுப் பிழையை உண்டாக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமென்றால் 10⁻¹⁰ மில்லிபாருக்கும் கீழே இறங்க வேண்டும். பருவமழைக் காலத்து மும்பையில் வெற்றிடக் கலத்தை ஒருமுறை திறந்து மூடினால் அதன் உட்சுவர் முழுவதும் நீராவி படிந்துவிடும். அதைச் சூடேற்றி விரட்ட நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கலத்தைத் திறப்பதில்லை என்று விரதம் இருப்பது மூடநம்பிக்கை ஆகாது.

எண்ணிக்கையின் பக்கமும் இதே கதைதான். புள்ளியியல் பிழை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டுமானால் பத்து இலட்சம் ஃபோட்டான்களை எண்ணியாக வேண்டும். ஒரு சுழற்சிக்கு 0.2 வினாடி ஆகிறது, பத்துச் சுழற்சிக்கு ஒரு ஃபோட்டான் கிடைக்கிறது என்று கொண்டால், இரவு பகல் ஓயாமல் ஓட்டினாலும் 23 நாள் பிடிக்கும். ஒளியுணரியின் சொந்த இரைச்சலைக் கழிக்க இன்னும் நாட்கள் கூடும். அது ஓர் ஓட்டம் மட்டுமே. அழுத்தத்தை மாற்றி ஓர் ஓட்டம், பொறியின் ஆழத்தை மாற்றி ஓர் ஓட்டம், எலக்ட்ரான் ஆற்றலை மாற்றி ஓர் ஓட்டம், வடிகட்டியை மாற்றி ஓர் ஓட்டம் என்று முறைசார் பிழைகள் ஒவ்வொன்றையும் துரத்த வேண்டும். ஆண்டுகள் அங்கேதான் கரைகின்றன.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன என்பதற்கு ஆர்கான் அயனியின் வரலாறே சான்று. 13 எலக்ட்ரான்களை இழந்து ஐந்தோடு நிற்கும் ஆர்கான், இரும்பைப் போலவே அடித்தள அமைப்பிலுள்ள இரட்டை நிலையிலிருந்து 441 நானோமீட்டரில் நீல ஒளியை உமிழ்கிறது. 1990-களிலும் 2000-ஐ ஒட்டியும் வெவ்வேறு ஆய்வகங்கள் அந்நிலையின் ஆயுட்காலத்தை 8.7, 9.12, 9.70 மில்லி வினாடி என்று அளந்தன. ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போகாத எண்கள். 2005-இல் ஹைடல்பர்க் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தினர் 9.573 மில்லி வினாடி என்றனர். புள்ளியியல் பிழை 0.004, முறைசார் பிழை 0.005. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற எல்லையை அவ்வளவீடு தாண்டிவிட்டது.

அந்த எல்லைக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் டிராக் சமன்பாடு சொல்வதைவிட ஏறத்தாழ 0.116 விழுக்காடு கூடுதலானது; குவாண்டம் மின்னியக்கவியலின் புகழ்பெற்ற வெற்றி இது. இந்தச் சிறு மிகுதி காந்த இருமுனை நிலைமாற்றத்தின் வீதத்தை ஏறத்தாழ 0.46 விழுக்காடு உயர்த்த வேண்டும். ஆயுட்காலம் அதே அளவு குறைய வேண்டும். அத்திருத்தத்தைச் சேர்த்த கணக்கீடுகள் எல்லாம் ஹைடல்பர்க் அளவீட்டைவிடக் குறுகிய ஆயுட்காலத்தையே தந்தன. விலகல் சுமார் மூன்று சிக்மா. வேடிக்கை என்னவென்றால், திருத்தத்தைச் சேர்க்காமல் விட்டால் எண்கள் நெருங்கி வந்தன. 2007-இல் அதே ஆய்வகம் பச்சைக் கோட்டை அளந்தபோது, இரும்பிலும் ஆயுட்காலம் கணக்கீடுகளைவிடச் சற்று நீண்டே இருந்தது.

குவாண்டம் மின்னியக்கவியல் பொய்த்துவிட்டது என்று இதற்குப் பொருளன்று. அப்படித் தலைப்பிட்டு எழுதுவோரை நம்பவும் வேண்டாம். இந்நிலைமாற்றத்தின் வீதம் அலைநீளத்தின் மும்மடியையும் கோண உந்தக் காரணிகளையுமே பெரும்பாலும் சார்ந்தது. கோட்பாடு தவறுவதற்கு இங்கே இடம் மிகக் குறைவு. அளவீட்டில்தான் எவரும் அறியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஆனால் அளவீடு வேண்டாம் என்ற முடிவுக்கு இவ்வாதம் இட்டுச் செல்லவில்லை. பொறிக்குள் அயனிகள் கிடக்கும்போது எவரும் கணக்கில் கொள்ளாத ஒரு நிகழ்வு இருக்குமானால், அதே வகைப் பொறியில் அளக்கப்பட்ட மற்ற எண்களிலும் அது இருக்கும். கோட்பாட்டுக்கு இணங்கிய எண்களை எவரும் மறுபடி சோதிப்பதில்லை என்பதால் அது அங்கே வெளிப்படாமல் கிடக்கும்.

"ஹைடல்பர்க்கில்தான் அளந்துவிட்டார்களே, அதை இந்தியாவில் மீண்டும் செய்வதில் புதுமை என்ன?" என்ற கேள்வி எழும். மதிப்பீட்டுக் குழுக்களில் புதுமை என்ற சொல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குப் பொருந்தும், அளவியலுக்குப் பொருந்தாது. ஒரே வகைக் கருவியில் ஒரே குழு அளந்த எண்ணில் எஞ்சியுள்ள முறைசார் பிழையை, வேறு குறைகளைக் கொண்ட வேறு கருவியால்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டாவது அளவீடு முதலாவதை நகலெடுப்பதாக எண்ணுவது, தணிக்கையாளர் கணக்குப்பிள்ளையின் வேலையையே திரும்பச் செய்கிறார் என்று எண்ணுவதைப் போன்றது.

வேறு கருவி என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சர்ச் என்பவரின் குழு 1990-களில், நுண்ணலையால் எலக்ட்ரான்களைச் சுழற்றி அயனியாக்கும் ஈ.சி.ஆர். மூலத்திலிருந்து கற்றையை எடுத்து, வேண்டிய மின்னேற்றமுள்ள அயனிகளை மட்டும் காந்தத்தால் பிரித்து, கிங்டன் பொறியில் அடைத்து ஆயுட்காலங்களை அளந்தது. மேலே சொன்ன 9.12 அவர்கள் தந்த எண்ணே. கிங்டன் பொறி 1923-இல் தோன்றியது. ஓர் உருளையும் அதன் நடுவே இழுத்துக் கட்டிய ஒரு கம்பியுமே அதன் உள்ளமைப்பு. கோள்கள் கதிரவனைச் சுற்றுவதைப்போல அயனிகள் கம்பியைச் சுற்றி வரும். மீக்கடத்தும் காந்தம் தேவையில்லை. எலக்ட்ரான் கற்றைப் பொறியில் பல மின்னேற்ற நிலைகள் கலந்து கிடக்கும்; இங்கே ஒரே நிலை என்பதால் அந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் அயனிகள் எளிதில் நழுவும், எண்ணிக்கையும் குறைவு. குறைகள் வேறு என்பதே இங்கு முக்கியம்.

கொலாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1988 முதல் இயங்கும் பெல்லட்ரான் முடுக்கியோடு, ஈ.சி.ஆர். அயனி மூலமும் எலக்ட்ரான் கற்றை அயனி மூலமும் உள்ளன. உயர் மின்னேற்ற அயனிகள் அணுக்களோடும் மூலக்கூறுகளோடும் மோதும்போது நிகழ்வனவற்றை ஆராயவே அவை பெரும்பாலும் பயன்படுகின்றன. அத்துறையில் அங்கிருந்து வெளிவந்த பணிகள் உலகறிந்தவை. செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பால் வகைப் பொறியில் அயனிகளைச் சிறைப்படுத்திய அனுபவம் உண்டு. அணுக் கட்டமைப்புக் கணக்கீடுகளில் இந்தியக் கோட்பாட்டாளர்களுக்கு நீண்ட மரபு இருக்கிறது. அயனியைத் தரும் மூலம், பொறியை அறிந்த கைகள், ஒப்பிடுவதற்கான கணக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே நகரத்தின் எல்லைக்குள்ளும் அதன் தொலைபேசி எட்டும் தொலைவிலும் கிடக்கின்றன. அயனி மூலம் அப்படியே அளவீட்டுக் கருவியாகிவிடாது என்பது உண்மைதான். ஒளிச் சாளரம், வில்லைகள், தனி வெற்றிட அறை, அயனிகளை மெதுவாக்கிப் பொறிக்குள் விடும் அமைப்பு எல்லாம் கட்ட வேண்டும். அவற்றைப் பணத்தாலும் பட்டறையாலும் தீர்க்கலாம். தீராதது காலம்.

இந்தியாவில் இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பெரும்பாலான திட்டங்களில் இரண்டும் சேர்த்து ஐந்தாண்டுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்கு ஆறாண்டு உச்சவரம்பும் மறுபதிவின் வழி மேலும் இரண்டாண்டும் தருகின்றன. ஆக, விதி எட்டாண்டை அனுமதிக்கிறது. பணம் ஐந்தாண்டில் நின்றுவிடுகிறது. இடைப்பட்ட காலத்தை யார் தாங்குவது? அனுசக்திநகர்க் குடியிருப்பில் வளர்ந்து, பெற்றோரின் ஓய்வூதியத்தை நம்பக்கூடியவர் தாங்கிவிடுவார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகச் சொந்த வீடுள்ள குடும்பத்துப் பிள்ளையும் தாங்குவார். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் குடியேறியவர்களின் பேத்தி ஒருத்தி, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கி, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, நுழைவுத் தேர்வுகளைக் கடந்து ஆய்வகத்துக்குள் நுழைந்தால், அவரிடம் "ஏழாண்டு பொறுத்திரு, ஓர் எண் கிடைக்கும்" என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் விரைவில் கட்டுரை தரும் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தால் அது அறிவியல் ஆர்வக் குறைவன்று, வீட்டுக் கணக்கு. இப்படியாக, பொறுமை தேவைப்படும் அளவீடுகள் வசதியுள்ளோருக்கு மட்டும் என்று எவரும் எழுதி வைக்காமலே ஒதுக்கீடாகிவிடுகின்றன.

2022 விதிகள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கின. இந்த மாற்றத்தைத் தரம் குறையும் என்று பலர் எதிர்த்தனர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. போலி இதழ்களின் சந்தை ஒழியட்டும் என்று வரவேற்றோர் பக்கமும் நியாயம் உண்டு. நீண்ட அளவீடுகளுக்கு இவ்விதி திறந்துவிட்ட வாசலைப் பற்றி மட்டும் இரு தரப்பும் பேசவில்லை. வெளியீடு கட்டாயமில்லை என்றால், முறைசார் பிழை ஒன்றை முழுமையாக அளந்து, அதன் பதிவேடுகளையும் கச்சா எண்ணிக்கைகளையும் இணைத்து, இறுதி எண் இன்னும் கிடைக்காத நிலையிலும் ஓர் ஆய்வேட்டைத் தர முடியும். மின்னூட்டப் பரிமாற்ற இழப்பை அழுத்தத்தின் சார்பாக அளந்தது ஓர் ஆய்வேடு. பொறியின் ஆழமும் அயனி இழப்பும் இன்னொன்று. இறுதி ஆயுட்காலம் மூன்றாவது. மூவர் பத்தாண்டில் முடிக்கும் ஒரே அளவீடு. பலர் கைமாறி முடியும் பணிக்கு அணுக்கரு இயற்பியலிலும் வானியலிலும் பழக்கம் இருக்கிறது. சிறு ஆய்வகங்களில் இல்லை. ஒரு மாணவர் போனதும் அடுத்தவர் கருவியைப் பிரித்துப் போட்டுப் புதிதாகத் தொடங்குவது அங்கே வாடிக்கை.

கைமாற்றம் நடக்க வேண்டுமானால் இடையில் எவரேனும் நிலையாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பவர் தொழில்நுட்பப் பணியாளர். எந்த வால்வு எந்த ஆண்டு மாற்றப்பட்டது, எந்த இணைப்பில் கசிவு தலைகாட்டும், மின்சாரம் ஒரு நொடி துண்டித்தால் எந்த எக்கியை முதலில் கவனிக்க வேண்டும் என்பவை அவருக்கு மனப்பாடம். கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் வரும். பல நேரம் வராது. அளவீட்டின் பிழை வரம்பு யாருடைய கவனத்தால் சுருங்கியதோ அவரை ஆசிரியர் பட்டியலில் சேர்ப்பது சலுகை ஆகாது. அவர் ஓய்வுபெறும்போது அப்பணியிடத்தை ஒப்பந்தப் பணியாக மாற்றும் நிர்வாகம், தன் ஆய்வகத்தின் நினைவாற்றலை விற்றுவிடுகிறது.

2022-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள அளவியல் நிறுவனத்தினர், உயர் மின்னேற்ற அயனி ஒன்றைக் கொண்டு முதல் ஒளியியல் அணுக்கடிகாரத்தை இயக்கிக் காட்டினர். அவர்கள் தேர்ந்தது அதே ஆர்கான், அதே 441 நானோமீட்டர் கோடு. ஒன்பதரை மில்லி வினாடி ஆயுட்காலம் அக்கோட்டுக்கு ஏறத்தாழ 17 ஹெர்ட்ஸ் இயற்கை அகலத்தைத் தருகிறது; கடிகாரத்தின் செயல்பாட்டுக்கு அந்த அகலம் ஓர் அடிப்படை வரம்பு. 8.7-க்கும் 9.70-க்கும் இடையே இழுபறியாக இருந்த நாளில் அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால், விடை சொல்ல எவராலும் முடிந்திருக்காது.

கொலாபாவில் எவரேனும் தொடங்குவதானால் இரும்பைவிட ஆர்கானே முதலில் ஏற்றது. அது வாயு, அடுப்பில் ஆவியாக்கும் தொல்லை இல்லை, ஈ.சி.ஆர். மூலத்துக்குள் நேரே செலுத்தலாம். 441 நானோமீட்டரில் சாதாரண ஒளிப்பெருக்கிக் குழாய்கள் நன்றாகவே உணரும். ஒப்பிட நான்கு அளவீடுகளும் ஏராளமான கணக்கீடுகளும் காத்திருக்கின்றன. வெற்றிடக் கலத்தை அக்டோபரில் மூடினால், அடுத்த மழைக்கு முன் எட்டு மாதம் கிடைக்கும்.